லென்ஸக்காவும் கசப்புப் பொடியும்

ஒரு சொட்டு ரத்தத்தில் மலேரியாக் கிருமி இல்லை என்று எழுதுவதற்கு முன்னால், நுண்ணோக்கி வழியாக நூறு வட்டம் பார்க்க வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் நாற்பதிலோ ஐம்பதிலோ கண் எரிகிறது என்று எழுந்துவிடுவார்கள். லென்ஸக்கா நூறையும் பார்ப்பாள். பார்த்துவிட்டு, அந்தக் கண்ணாடித் துண்டு தன்னை ஏய்க்கப் பார்க்கிறது என்பதுபோல் ஒரு முறை முறைத்து, மேலும் இருபது வட்டம் பார்ப்பாள். அப்புறம்தான் பேனாவை எடுப்பாள்.

சுகாதார நிலையத்தின் பின்னறையில், ஜன்னலை ஒட்டிப் போட்ட மேசையில், இருபத்திரண்டு வருஷமாக இதுதான் அவள் வேலை. விரலில் குத்தி எடுத்த ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து, காயவைத்து, சாயம் ஊற்றி, கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் குனிந்தால், நிமிர மதியம் ஆகிவிடும். அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் லென்ஸக்காதான்.

தொழில் கொடுத்த குணம் வீட்டுக்கும் கூட வந்துவிட்டது. பால்காரர் ஊற்றும்போது பாலைப் பார்க்க மாட்டாள், அவர் கட்டைவிரலைப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரி காரணமில்லாமல் சிரித்தால் அன்று முழுக்க யோசிப்பாள். வெளியூரில் படிக்கும் மகள் போனில் "நல்லா இருக்கேம்மா" என்றால், "யார் பக்கத்துல இருக்கா?" என்று கேட்பாள். சந்தேகப்படாத ஒரே ஆள் அவள் கணவர். அவர் இரண்டு தெரு தள்ளி மாவு மில் வைத்திருந்தார். மிஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது என்பதால் பேசாமலே இருந்து பழகியவர். சாயங்காலம் தலை, புருவமெல்லாம் வெள்ளையாக வீட்டுக்கு வருவார், குளிப்பார், சாப்பிட உட்காருவார். அப்போது ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இன்னிக்கு எத்தனை பேருக்கு இருந்துச்சு?"

அவள் எண்ணிக்கையைச் சொல்வாள். யாருக்கு, எந்த வகை, எந்த மாத்திரை கொடுத்தார்கள் என்று விவரமும் சொல்வாள். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்பார். ஊரில் எந்தப் புருஷன் பெண்டாட்டியின் வேலையைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறான் என்று அவளுக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

அவருக்கு ஒரு அக்கா உண்டு. ஒன்பது வயது மூத்தவர். தாய் இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். நிலவேம்பு, வேப்பம்பட்டை, சீந்தில் தண்டு இவற்றை நிழலில் உலர்த்தி, தம்பியின் மில்லில் அரைத்து, பொட்டலம் கட்டி விற்பார். காய்ச்சல்காரர்கள் தேடி வந்து வாங்கிப் போவார்கள். கசப்பம்மா என்று பேர். லென்ஸக்காவுக்கும் இந்த நாத்தனாருக்கும் இருபத்தாறு வருஷமாகச் சண்டையே வந்ததில்லை. "வாங்க அண்ணி, உக்காருங்க அண்ணி" என்பதைத் தாண்டிப் பேச்சு வளர்ந்தால்தானே சண்டை வருவதற்கு.

கசப்பம்மா மட்டும் எப்போதாவது, யாரிடமோ சொல்வதுபோல ஜன்னலைப் பார்த்துச் சொல்வார். "என் மருந்துக்கு யார் ரத்தமும் வேண்டியதில்ல."

லென்ஸக்காவும் யாரிடமோ சொல்வதுபோல அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். "ரத்தம் பாக்காம என்ன காய்ச்சல்னு எப்படித் தெரியுமோ."

அந்த வருஷம் மழை சீக்கிரமே தொடங்கியது. ஊரைத் தாண்டி இருந்த செங்கல் சூளையில் மண் எடுத்த பள்ளங்கள் எல்லாம் நிரம்பின. பள்ளங்களை ஒட்டியே தொழிலாளர்களின் தகர வரிசை வீடுகள். கொசுவலைகள் கொடுத்திருந்தார்கள், பாதி வலைகள் கோழிக்கூண்டுகளின் மேல் கிடந்தன. பள்ளத்தை மூடச் சொல்லி எழுதிய காகிதங்களைச் சூளை முதலாளி மரியாதையாக வாங்கி எங்கோ வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் காலை, செங்கல் சுமக்கும் ஒரு பெண் நடுங்கிக்கொண்டு வந்து பின்னறை ஸ்டூலில் உட்கார்ந்தாள். லென்ஸக்கா அவள் விரலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தனாவது தடவை காய்ச்சல்?"

"இது மூணாவது தடவைக்கா. முதல் ரெண்டு தடவையும் கசப்பம்மா பொடியிலேயே நின்னுடுச்சு."

"எத்தனை நாள்ல நின்னுச்சு?"

"ரெண்டே நாள்."

"மாத்திரை ஏதும் போட்டியா? சும்மா சொல்லு, நான் திட்ட மாட்டேன்."

"சத்தியமா இல்லக்கா. பொடி குடிக்கும்போது மாத்திரை தொடக் கூடாதுன்னு கசப்பம்மா கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க."

கண்ணாடியை வைத்துக் குனிந்த லென்ஸக்காவுக்கு மூன்றாவது வட்டத்திலேயே தெரிந்துவிட்டது. சிறுசிறு மோதிரங்களாகக் கிருமி இருந்தது. அதைவிட அதிகமாகப் பிறைகள் இருந்தன. வளைந்த, வாழைப்பழம் போன்ற பிறைகள். பிறையால் காய்ச்சல் வராது. ஆள் எழுந்து நடமாடுவார், வேலைக்குப் போவார். ஆனால் கொசு ஒருவர் உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போய் அடுத்தவருக்குக் கொடுப்பது இந்தப் பிறையின் வம்சத்தைத்தான். மோதிரம் அரைகுறையாகச் செத்து, பிறை மட்டும் தெம்பாக நிற்பதை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். பொருந்தாத மருந்தை அரைகுறையாகத் தின்றவர்களின் ரத்தத்தில்.

இந்தப் பெண் மருந்தே தின்னவில்லை என்கிறாள். பொடி மட்டும்தான் என்கிறாள்.

அந்தப் பொடி லென்ஸக்காவுக்குத் தெரியாததல்ல. கல்யாணமான புதிதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது நாத்தனாரே கலக்கிக் கொடுத்திருக்கிறார். வாய்க்கசப்பு மூன்று நாள் நின்றது. காய்ச்சல் ஏழு நாள் நின்றது. குணமான பிறகு நன்றாகப் பசித்தது, அவ்வளவுதான். அந்தப் பொடிக்கு எப்போதிலிருந்து இரண்டே நாளில் காய்ச்சலை இறக்கும் சாமர்த்தியம் வந்தது?

அடுத்த ஐந்து வாரத்தில் அதே மாதிரி பதினோரு பேர் வந்தார்கள். பதினோரு பேரும் பொடி குடித்தவர்கள். எல்லோருக்கும் இரண்டு நாளில் காய்ச்சல் நின்று, பதினைந்து இருபது நாளில் திரும்பி வந்திருந்தது. லென்ஸக்கா அந்தக் கண்ணாடிகளைத் தனிப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

சுகாதார நிலையத்தில் இரண்டு விதமான மாத்திரை இருந்தது. சாதுவான மலேரியா ஒன்று உண்டு. அதற்குப் பழைய, மலிவான மாத்திரையே போதும். பிறை காட்டும் மலேரியாவுக்கு அது அந்தப் பக்கத்தில் எடுபடாமல் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அதைத் தின்றால் காய்ச்சல் இறங்கும், கிருமி பதுங்கும், பிறகு எழும். அதனால் அந்த வகைக்குப் புது மாத்திரைதான், மூன்று நாள், ஒரு வேளை விடாமல். அவள் மனசில் ஓடியது ஒன்றுதான். நாத்தனார் பழைய மாத்திரையை இடித்துப் பொடியில் கலக்கிறார். அப்படியானால் அந்த மாத்திரையை அவருக்கு யார் கொடுப்பது?

கண் உடனே கம்பவுண்டர் மேல் போயிற்று. மருந்து அறைச் சாவி அவரிடம்தான். சதா ஜோக் அடிக்கிற ஆள். வாய் ஓயாமல் சிரிக்கவைக்கிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது லென்ஸக்காவின் நெடுநாள் கருத்து.

பயிற்சிக் காலத்துக் குறிப்பேட்டை வீட்டுப் பரணிலிருந்து எடுத்தாள். பழைய மாத்திரையைத் தின்றவரின் சிறுநீரில் ஒரு சாயக் கரைசலைச் சில சொட்டு விட்டுக் குலுக்கினால், மஞ்சளாக இருந்தது ஊதா கலந்த சிவப்பாக மாறும் என்று அதில் அவள் கையெழுத்திலேயே இருந்தது. இப்போது யாரும் அந்தச் சோதனையைச் செய்வதில்லை. தேவையானவற்றைத் தேடிப் பிடித்து அவளே கலக்கினாள். பின்னறை வாசலில் வந்து நின்ற கம்பவுண்டர் மூக்கைச் சுளித்தார்.

"என்னக்கா, வேலையை விட்டுட்டு சென்ட் வியாபாரம் ஆரம்பிக்கப் போறீங்களா?"

"ஆமா. முதல் பாட்டில் உங்களுக்குத்தான்" என்று சொல்லி, அவர் கண்ணையே பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பையும் அவள் குறித்துக்கொண்டாள்.

முதலில் பழைய மாத்திரை தின்றுகொண்டிருந்த ஒரு நோயாளியின் சிறுநீரில் சோதித்தாள். சிவந்தது. தன்னுடையதில் சோதித்தாள். மஞ்சளாகவே இருந்தது. கரைசல் பொய் சொல்லவில்லை. பிறகு சூளைக்குப் போய், பொடி குடித்துக்கொண்டிருந்த நான்கு பேரிடம் குப்பியை நீட்டினாள். எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். "உடம்புச் சூடு எவ்வளவுன்னு பாக்கறேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். நான்கில் மூன்று சிவந்தது.

கம்பவுண்டரிடம் நேராகவே கேட்டுவிட்டாள். "மருந்து ரூம்ல இருந்து பழைய மாத்திரை வெளிய போகுதா?"

அவர் முகத்திலிருந்த சிரிப்பு துடைத்ததுபோலப் போய்விட்டது. சாவியை எடுத்து அவள் மேசையில் வைத்தார். "நீங்களே போய்ப் பாத்துக்குங்க. ஒண்ணு குறைஞ்சாலும் நான் இன்னிக்கே எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்." அவள் போய்ப் பார்க்கவும் செய்தாள். ஒன்றும் குறையவில்லை. அதன் பிறகு ஒரு மாசம் அவர் அவளிடம் ஜோக் அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் வீட்டுக்குப் போனாள். கசப்பம்மா பின்கட்டில் வெள்ளைத் துணி விரித்து இலையைப் பரப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, பொடியில வேற என்ன சேர்க்கறீங்க?"

கசப்பம்மா நிமிரவில்லை. "இருபத்தாறு வருஷமா கேக்காத கேள்வி. என்ன, என் மேல சந்தேகமா?"

"எனக்கு எல்லார் மேலயும்தான்."

"அது ஊருக்கே தெரியும். சுத்தி வளைக்காம விஷயத்தைச் சொல்லு."

லென்ஸக்கா சொன்னாள். பிறை, பதினோரு கண்ணாடி, சிவந்த குப்பிகள் எல்லாவற்றையும் சொன்னாள். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கசப்பம்மா கத்தவில்லை. கையிலிருந்த இலையைத் துணியில் வைத்துவிட்டு எழுந்தார். அரைக்காத இலை, பட்டை, தண்டு மூன்றிலும் ஒவ்வொரு பிடி எடுத்தார், கழுவினார், அடுப்பில் ஏற்றினார். தண்ணீர் பாதியாகச் சுண்டும் வரை கொதிக்கவிட்டார். வடிகட்டி இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றை ஒரே மூச்சில் குடித்து, மற்றதை நீட்டினார்.

"நீயும் குடி. நாளைக்குக் காலையில குப்பியோட வா. என்னுதையும் பாரு, உன்னுதையும் பாரு." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு அறுபது வயசாச்சு. இதுவரைக்கும் என் மூத்திரத்தை யாரும் சந்தேகப்பட்டதில்ல."

மறுநாள் இரண்டும் மஞ்சளாகவே நின்றன. கசப்பம்மா பின்னறைக்கே நேரில் வந்திருந்தார். அந்தக் குப்பிகளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து வைத்தார்.

"இது விக்கறது. போன வாரம் அரைச்சது. இதைத்தான் நேத்து ராத்திரி என் பக்கத்து வீட்டுக்காரருக்குக் குடுத்தேன். அவர் குப்பியும் இந்தா."

அது சிவந்தது.

இலையில் இல்லாதது பொட்டலத்தில் இருக்கிறது. இலைக்கும் பொட்டலத்துக்கும் நடுவில் ஒரே ஒரு இடம்தான் உண்டு. அதை இரண்டு பேருமே நினைத்தார்கள், இரண்டு பேருமே சொல்லவில்லை.

"மில்லுல வேற யாராச்சும் வேலைக்கு வராங்களா?" என்று கசப்பம்மா மெதுவாகக் கேட்டார்.

"இல்ல அண்ணி. அவர் மட்டும்தான்."

"அப்போ முதல்ல நீ போய்க் கேளு. நான் கேட்டா அவன் அழுதுடுவான்."

லென்ஸக்கா நேரே மில்லுக்குப் போகவில்லை. வழியில் தபால் நிலையத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பொட்டலம் கட்டும் காகிதத்தில் ஏதாவது ஒட்டியிருக்குமோ என்று யோசித்துப் பார்த்தாள். யாராவது இரவில் பூட்டை உடைத்திருப்பார்களோ என்று யோசித்தாள். ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டுப் பழகிய மனசு, இந்த ஒரு ஆளை மட்டும் சந்தேகப்பட வழி தெரியாமல் முட்டி மோதியது. அப்போதுதான் அந்தச் சாயங்காலக் கேள்வி நினைவுக்கு வந்தது. எத்தனை பேருக்கு இருந்தது என்று அவர் ஏன் தினமும் கேட்டார்? எந்த வகைக்கு எந்த மாத்திரை என்று அவள் சொன்னதை ஏன் அப்படிக் காது கொடுத்துக் கேட்டார்?

மில்லில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் அவர் பெல்ட்டைக் கழற்றி நிறுத்தினார். சத்தம் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

"அண்ணியோட இலையை எப்ப அரைக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

அவர் தராசுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். உள்ளே வெள்ளை மாத்திரைகள், பக்கத்தில் ஒரு சின்ன இடிகல்.

"நீ கண்டுபிடிப்பேன்னு தெரியும்" என்றார். "ஆனா இவ்வளவு நாள் ஆகும்னு நினைக்கல."

"எத்தனை வருஷமா?"

"மூணு மழைக்காலம்." மூட்டைமேல் உட்கார்ந்தார். "சூளையில இருந்து ஒருத்தி கைக்குழந்தையைத் தூக்கிட்டு அக்காகிட்ட வந்தா, நினைவிருக்கா? உனக்கு எங்க நினைவிருக்கும், அவ உன்கிட்ட வரவே இல்லையே. அக்கா பொடியைக் குடுத்தா. நாலாம் நாள் குழந்தை போயிடுச்சு. அந்தக் குடும்பம் சொல்லாம கொள்ளாம ஊரை விட்டுப் போச்சு. அக்காவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. இங்க மாவு அரைக்க வந்தவங்க பேசிக்கிட்டாங்க, நான் கேட்டேன்."

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ அக்காகிட்ட போவ. அக்கா இருபது வருஷமாக் கட்டின பேரு போயிடும். சொல்லாம விட்டா இன்னொரு குழந்தை போகும். ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு நான் சொன்னேன், ஒருத்தரும் போகல. அதான் ஆஸ்பத்திரியையே பொடிக்குள்ள போட்டேன். நீ சாப்பாட்டு நேரத்துல சொல்றதைக் கேட்டுத்தான் எந்த மாத்திரைன்னு தெரிஞ்சுக்கிட்டேன். டவுன்ல நாலஞ்சு கடையில மாத்தி மாத்தி வாங்கினேன்."

"நான் ரெண்டு வகை சொன்னேன். நீங்க மலிவானதா வாங்கிட்டு வந்தீங்க. அது இந்தக் காய்ச்சலைக் கொல்லாது."

"காய்ச்சல் நின்னுச்சே?"

"நின்ன மாதிரி காட்டும். உள்ள கிருமி உக்காந்திருக்கும். அந்த ஆள் நல்லா இருக்கோம்னு வேலைக்குப் போவாரு. கொசு அவர்கிட்ட இருந்து எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொண்டு போகும்." டப்பாவில் மிச்சமிருந்த மாத்திரைகளை விரலால் கிளறினாள். "ஒரு பொட்டலத்துல எத்தனை மாத்திரை போச்சு?"

"ஒரு மூட்டை இலைக்கு ஒரு டப்பா. மில்லு சமமாக் கலந்துடும்னு நினைச்சேன்."

"கலக்காது. நாலு பேர்ல ஒருத்தருக்கு ஒண்ணுமே போகல, நான் பார்த்தேன். அப்படின்னா வேற யாருக்கோ அளவுக்கு மேல போயிருக்கு. அது ஒரு குழந்தையா இருந்திருந்தா? அந்த மாத்திரை அளவு மீறினா குழந்தை இதயம் நின்னுடும்."

அவர் அதை யோசித்துப் பார்த்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மாவு படிந்த கையால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் டப்பாவை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"அண்ணிகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். இன்னிக்கே."

சாயங்காலம் அவர் அக்காவின் வீட்டில் நின்றுகொண்டே சொன்னார். உட்கார் என்று கசப்பம்மா சொல்லவில்லை. குழந்தை இறந்ததைச் சொன்னபோது அவர் கை ஒருமுறை புடவையை இறுக்கிப் பிடித்தது. மாத்திரையைச் சொன்னபோது நிதானமாகக் கேட்டார்.

"அப்போ என் மருந்துல குணமானவங்க?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்த மூணு வருஷமா கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாங்களே, அதெல்லாம்?"

அவர் தலை இன்னும் குனிந்தது.

"போ" என்றார் கசப்பம்மா. "கொஞ்ச நாளைக்கு என் கண்ணுல படாத."

அவர் போன பிறகு லென்ஸக்காவும் எழுந்தாள். இருபத்தாறு வருஷம் அடுப்பைப் பார்த்துச் சொன்னதெல்லாம் உண்மை என்று ஆகிவிட்டது. அதில் அவளுக்குத் துளியும் சந்தோஷமில்லை. நாத்தனாரைத்தான் குற்றவாளி என்று மனசு எவ்வளவு ஆசையாகப் பிடித்துக்கொண்டது என்பது மட்டும் உறுத்தியது.

"உக்காரு" என்றார் கசப்பம்மா. "இந்த மழையில யார் யாருக்குக் குடுத்தேன்னு எனக்கு முகம் தெரியும், வீடு தெரியும். இப்ப அவங்களை என்ன பண்ணணும்?"

"எல்லார் ரத்தமும் பாக்கணும் அண்ணி."

"ரத்தமா." பெருமூச்சு விட்டார். "சரி. காலையில வரேன்."

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லாமல் முடியாது, சொன்னாள். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத டாக்டர் அவர். தலையில் கைவைத்துக்கொண்டு கேட்டார், பிறகு எழுத வேண்டிய இடத்துக்கு எழுதினார். அதிகாரிகள் இரண்டு பேர் வந்து டப்பாவையும் மிச்சப் பொட்டலங்களையும் எடுத்துப் போனார்கள். மில்காரரிடம் வாக்குமூலம் எழுதி வாங்கி, இனி மருந்து எதையும் அரைக்கக் கூடாது என்று கண்டித்துவிட்டுப் போனார்கள்.

நாத்தனாரும் லென்ஸக்காவும் சேர்ந்து சூளை வரிசைக்குப் போனபோது நடந்ததுதான் வேடிக்கை. இதுவரை ஒருவரை நம்பியவர் மற்றவரை நம்பியதில்லை. இரண்டு பேரும் ஒன்றாக வந்து நின்றதும் ஜனங்கள் இரண்டு பேரையுமே நம்பவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் ஆகாதவங்களாச்சே" என்று ஒரு சூளைத் தொழிலாளி கதவைப் பாதி மூடிக்கொண்டு கேட்டார். "சேர்ந்து வர்றீங்கன்னா என்ன விஷயம்?"

"பொடியில கலப்படம் ஆயிடுச்சு" என்றார் கசப்பம்மா.

"யார் கலந்தது?"

லென்ஸக்கா வாயைத் திறந்தாள். கசப்பம்மா முந்திக்கொண்டார். "என் வீட்டு ஆளுதான். வேற யாரும் இல்ல. விரலை நீட்டு."

அவர் நீட்டவில்லை. கசப்பம்மா தன் விரலை லென்ஸக்காவிடம் நீட்டினார். "முதல்ல என்னுதைக் குத்து. அவங்க பாக்கட்டும்." குத்தியபோது முகம் சுளித்தார், ஆனால் கையை இழுக்கவில்லை. அதன் பிறகுதான் ஒவ்வொருவராகக் கதவைத் திறந்தார்கள். மூன்று நாளில் அறுபத்து நாலு பேர். யார் எங்கே வேலை மாறிப் போயிருக்கிறார், யாருடைய பிள்ளை பாதிப் பொட்டலத்தைக் குடித்தது என்பதெல்லாம் கசப்பம்மாவின் தலையில் இருந்தது.

அறுபத்து நாலில் பதின்மூன்று பேருக்குக் கிருமி இருந்தது. அதில் ஆறு பேருக்குக் காய்ச்சலே இல்லை. கண்ணாடியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று கசப்பம்மா அடம்பிடித்தார். லென்ஸக்கா தன் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, சரிசெய்து காட்டினாள்.

"தெரியுதா அண்ணி? வளைஞ்சு இருக்கே, அதுதான்."

நெடுநேரம் பார்த்தார். "தெரியுது." கண்ணை எடுக்காமலே கேட்டார். "இதை நீ வரைஞ்சு ஒட்டலன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வேற கண்ணாடி எடுத்து நீங்களே வைங்க."

நான்கு கண்ணாடி எடுத்து அவரே வைத்தார். நான்கிலும் பார்த்த பிறகு எழுந்து, கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டு சொன்னார். "கழுத்து ஒடியுது. இதை எப்படித்தான் தினமும் பண்றயோ."

இருபத்தாறு வருஷத்தில் நாத்தனார் அவள் வேலையைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. நல்ல வார்த்தைதானா என்று லென்ஸக்கா அன்று முழுக்க யோசித்தாள்.

பதின்மூன்று பேருக்கும் மூன்று நாள் புது மாத்திரை கொடுத்தார்கள். கசப்பம்மா ஒவ்வொரு வேளையும் எதிரே நின்று விழுங்கவைத்தார். செங்கல் வேகவைக்கும் ஒரு கிழவர் மாத்திரையை நாக்கடியில் ஒளித்துக்கொண்டு "ஆச்சு" என்றபோது, "வாயைத் திற" என்று சொல்லி விரலை விட்டுத் துழாவினார். இந்த மாத்திரையின் மூலமருந்தும் ஒரு செடியிலிருந்துதான் முதலில் எடுக்கப்பட்டது என்று டாக்டர் பேச்சுவாக்கில் சொல்ல, அந்தச் செடி எப்படி இருக்கும், எங்கே வளரும், எந்தப் பாகம் என்று கேட்டுத் துளைத்துவிட்டார். டாக்டருக்கு இலை என்பதற்கு மேல் தெரியவில்லை. "தெரியாமயேவா எழுதிக் குடுக்கறீங்க?" என்று கேட்டார்.

சூளை முதலாளியிடமும் அவர்தான் போனார். என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. பத்து நாளில் பள்ளங்களில் பாதி மூடப்பட்டன. மீதியில் மீன் விட்டார்கள். கோழிக்கூண்டிலிருந்த வலைகளைக் கசப்பம்மாவே உருவிக் கழுவிக் கட்டில்களுக்கு மேல் கட்டச் சொன்னார். கோழிகளுக்கு என்ன வழி என்று கேட்டவர்களுக்கு, "கோழிக்கு மலேரியா வந்தா என்கிட்ட கொண்டா" என்றார்.

தம்பியோடு அவர் இரண்டு மாசம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவரே வந்து, ஒன்றும் நடக்காததுபோல, "குழம்பு மிச்சம் இருக்கு, வந்து சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் இலை மறுபடி அந்த மில்லுக்குப் போகவில்லை. திருகைக் கல் ஒன்று வாங்கி வீட்டிலேயே அரைத்துக்கொள்கிறார். பொட்டலத்தின் மேல் "பசிக்கு" என்று எழுதி ஒட்டுகிறார். காய்ச்சல் என்று வந்தால், முதலில் விரலைக் குத்திக்கொண்டு வா என்று அனுப்பிவிடுகிறார்.

லென்ஸக்கா கணவரை மன்னித்தாளா என்று கேட்டால், அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. அந்தக் குழந்தையை நினைத்தால் அவர்மேல் கோபம் வரவில்லை. மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதை நினைத்தால் வந்தது. துவைக்கப் போடும் சட்டையின் பையைத் துழாவுவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. அவர் அதைக் கவனித்தார். அதன் பிறகு சட்டையைக் கழற்றும்போதே பையை வெளியே இழுத்துவிட்டு மாட்டுவார். அதைப் பார்க்கும்போது அவளுக்கு வெட்கமாக இருக்கும். இருந்தாலும் விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பாள்.

அடுத்த மழையில் சூளையிலிருந்து ஐந்து பேர்தான் வந்தார்கள். ஆறாவதாக ஒரு பிற்பகலில் கசப்பம்மா வந்தார், போர்வையைச் சுற்றிக்கொண்டு, பற்கள் கிடுகிடுக்க. ஸ்டூலில் உட்கார்ந்து விரலை நீட்டினார். லென்ஸக்கா நூற்று இருபது வட்டம் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"பிறையா?" என்று கேட்டார்.

"பிறை இல்ல, இன்னும் மோதிரம்தான். சீக்கிரமே வந்துட்டீங்க."

"காட்டு." எழுந்து வந்து, நடுங்கும் தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். அவருக்குத் திருப்தியானது. கம்பவுண்டர் மாத்திரையைக் கொண்டு வந்தபோது கையைத் தூக்கி நிறுத்தினார்.

"பிரிக்காத அட்டையாக் குடுப்பா. நானே பிரிச்சுக்கறேன்."

கம்பவுண்டர் புது அட்டையை எடுத்து வந்தார். கசப்பம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். "தேதி என்ன போட்டிருக்கு?"

லென்ஸக்கா படித்தாள்.

"நீ சொல்லாத. அவர் படிக்கட்டும்."

கம்பவுண்டர் படித்தார். இரண்டும் ஒன்றாக இருந்தது. அதன் பிறகுதான் கசப்பம்மா தண்ணீர் கேட்டார்.